கண்ணுக்குக் கீழே ஒரு செதில்

வெள்ளவத்தையிலிருந்து அவிசாவளை வரை யார் வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும், அதன் படம் எப்படியோ என் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அலுவலக நண்பர்கள் அனுப்புகிறார்கள், உறவினர்கள் அனுப்புகிறார்கள், அவர்களுடைய அயலவர்கள் அனுப்புகிறார்கள். படத்தோடு வரும் முதல் வரி பெரும்பாலும் நிறத்தைப் பற்றியதாகவே இருக்கும். "கறுப்பு, வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது." "மண்ணிறம், புள்ளி புள்ளியாக இருக்கிறது." ரொறன்ரோவில் சட்டப்படி பாம்பு வளர்க்கும் என் மச்சானும் இதில் விதிவிலக்கல்ல. அவன் அனுப்பும் படங்களில் இருப்பவை ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான வளர்ப்புப் பாம்புகள். கேள்வி மட்டும் அதேதான்: "இந்த மஞ்சள், பட்டர் வகையா, லெஸ்ஸர் வகையா?" இரண்டும் வளர்ப்பாளர்கள் சூட்டிய நிற வகைப் பெயர்கள்.

இரு தரப்புக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். பாம்பை அடையாளம் காணும்போது நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். இனம் எதுவென்று செதில் சொல்லும். நிற வகை எதுவென்று தாய் தந்தையின் பரம்பரை சொல்லும். இரண்டும் கிடைக்காதபோது நிறத்தை வைத்து ஒரு பெயரைச் சூட்டுவதைவிட "தெரியவில்லை" என்று சொல்வது எவ்வளவோ மேல்.

நிறம் ஏன் நம்பத்தகாதது? பாம்பின் தோலில் கருநிறமிக் கலங்கள், மஞ்சளும் சிவப்பும் தரும் கலங்கள், ஒளியைத் தெறிக்கவிடும் கலங்கள் என்று பல அடுக்குகள் உள்ளன. ஒரேயொரு மரபணு பிறழ்ந்தாலே ஓர் அடுக்கு முழுவதும் இல்லாமல் போகலாம். பிறழ்வே தேவையில்லை, சட்டை கழற்றப்போகும் நாட்களில் எந்தப் பாம்பும் மங்கி, கண் பால் படர்ந்ததுபோல் நீலம் பாய்ந்து, வேறொரு பாம்பாகத் தெரியும். குட்டியின் நிறம் ஒன்று, முதிர்ந்த பாம்பின் நிறம் வேறு. இரவில் மின்சூள் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மண்ணிறமும் சாம்பலும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

செதில் அப்படியல்ல. முட்டையிலிருந்து வெளிவரும்போது பாம்புக்கு எத்தனை செதில்களோ அத்தனைதான் சாகும்வரை. உடல் நீள்கிறது, ஒவ்வொரு செதிலும் பெரிதாகிறது, எண்ணிக்கை கூடுவதில்லை. தலையில் எந்தத் தகடு எந்தத் தகட்டைத் தொடுகிறது என்பதும் ஓர் இனத்துக்குள் பெரிதாக மாறுவதில்லை. 1868இல் நுவரெலியாவில் பிறந்து இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய பிராங்க் வோல், இந்தப் பிராந்தியத்துப் பாம்புகளைச் செதில்களை வைத்தே இனம் பிரித்தார். இலங்கைப் பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலைக் கொழும்பு அருங்காட்சியகம் 1921இல் வெளியிட்டது. நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த முறை பழையதாகவில்லை. பாம்பின் விஞ்ஞானப் பெயர்கள் எத்தனையோ தடவை மாறிவிட்டன. அவர் எண்ணிய செதில்கள் அப்படியே இருக்கின்றன.

எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வசிக்கும் அக்கா அண்மையில் ஒரு பாம்புச் சட்டையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே வந்தார். காஸ் சிலிண்டருக்குப் பின்னால் கிடந்ததாம். "தம்பி, இது விரியன்தானே? வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிகிறது. பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

சட்டை முறுகிச் சுருண்டிருந்தது. இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, ஒரு வெள்ளைத் தட்டில் மெதுவாக விரித்து, மேசை விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தோம். முதலில் முதுகின் நடுக்கோடு. கட்டுவிரியனாக இருந்தால் முதுகெலும்புக்கு நேர் மேலே ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பக்கத்துச் செதில்களைவிடத் தெளிவாகப் பெரியவையாக, தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோணமாக இருக்கும். தட்டில் இருந்த சட்டையில் எல்லாச் செதில்களும் ஒரே அளவு. பிறகு அதைத் திருப்பினோம். வயிற்றுப் பக்கம் முழுவதும் ஒரு வரிக்கு ஒரு தகடாக அகன்ற தகடுகள். மலவாயைத் தாண்டி வால் தொடங்கும் இடத்தில் அந்தத் தகடுகள் இரண்டிரண்டாகப் பிரிந்து, நடுவே வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடியது. கட்டுவிரியனின் வாலடியில் அந்தக் கோடு இருக்காது. அங்கேயும் ஒரு வரிக்கு ஒரு தகடுதான். அக்கா விரலை வைத்து அந்தக் கோட்டை வால் நுனிவரை தொடர்ந்து போனார். "அப்படியானால் இது என்ன?" என்று கேட்டார். ஓநாய்ப் பாம்பு. சிங்களத்தில் அளு ரதனகயா. நஞ்சு இல்லை, சுவரில் பல்லி பிடிக்கத்தான் வீட்டுக்குள் வருகிறது. அங்கே நின்றபடியே அம்மா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துப் பிள்ளைகளை வரச் சொன்னார்.

கொழும்பில் வீட்டுக்குள் வரும் வரி போட்ட பாம்பு பெரும்பாலும் இதுதான். இதைத்தான் விரியன் என்று அடித்துக் கொல்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது, தூர நின்றே பார்க்கக்கூடிய அடையாளமும் உண்டு. ஓநாய்ப் பாம்பின் வெள்ளை வரிகள் கழுத்திலேயே தொடங்கி முன்பாதியில் பளிச்சென்று தெரிந்து, வாலை நோக்கிப் போகப்போக மங்கிவிடும். கட்டுவிரியனில் இது தலைகீழ்: தலைக்குப் பின்னால் சிறிது தூரம் வரியே இல்லாமல் இருக்கலாம், வரிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அருகருகே வரும், வால் பக்கம் போகப்போகத் தெளிவு கூடும். ஓநாய்ப் பாம்பின் தலை தட்டையானது. கட்டுவிரியனின் உடல் எண்ணெய் பூசியதாக மின்னும்.

ஆனால் வரியை மட்டும் நம்பி யாரும் பாம்பைக் கையில் எடுத்துவிடக் கூடாது. நம் நாட்டுக்கே உரிய இலங்கைக் கட்டுவிரியன் ஈரவலயத்தில் வாழ்கிறது. குட்டியாக இருக்கும்போது அதன் வெள்ளை வளையங்கள் பளிச்சென்று இருக்கும். வயதாக ஆக மங்கிவிடும். அதே ஈரவலயக் காடுகளில், இந்த நாட்டுக்கே உரிய இன்னொரு ஓநாய்ப் பாம்பு அதைப் போலவே வெள்ளை வளையங்களோடு திரிகிறது. அதன் செதில்களில் மேடு இருப்பதால் உடல் சொரசொரப்பாகத் தெரியும். கட்டுவிரியனின் செதில் வழுவழுப்பானது. ஒன்றின் கடி உயிரைப் பறிக்கும், மற்றது தீங்கற்றது. இரண்டையும் நிறத்தால் பிரிக்க நான் ஒருபோதும் முயலமாட்டேன்.

இணையத்தில் உலவும் வெளிநாட்டுச் சூத்திரங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவற்றால் நம் ஊரில் ஆபத்து உண்டு. தலை முக்கோணமாக இருந்தால் நஞ்சுள்ளது என்கிறார்கள். நம் நாகத்தின் தலையும் கட்டுவிரியனின் தலையும் முக்கோணம் அல்ல. நஞ்சில்லாத மலைப்பாம்பின் தலை அழகான முக்கோணம். கண்மணி நெட்டுக்குத்தாகப் பிளந்திருந்தால் நஞ்சு, வட்டமாக இருந்தால் நஞ்சில்லை என்பது இன்னொன்று. நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் கண்மணி வட்டம், மலைப்பாம்புக்குப் பிளவு. சிவப்பு வளையம் மஞ்சளைத் தொட்டால் ஆபத்து என்று ஆங்கிலத்தில் ஒரு பாட்டே இருக்கிறது. அது வட அமெரிக்கப் பவளப்பாம்புக்காகக் கட்டப்பட்டது. நம் பவளப்பாம்பு தலை கறுத்து, உடல் மண்ணிறமாக, வாலில் இரண்டு கறுப்பு வளையங்களோடு மெல்லிய கயிறளவில் இருக்கும். அந்தப் பாட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தச் சூத்திரங்களைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

நாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாரையும் நாகமும் பிணைவதைப் பார்த்ததாகச் சொல்லாத ஊர் நம்மிடையே இல்லை. பெரும்பாலும் அவர்கள் கண்டது இரண்டு ஆண் சாரைகள் உடலைப் பின்னி, தலையை நிமிர்த்தி, ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் பலப்பரீட்சை. நிமிர்ந்த தலையைக் கண்டதும் நாகம் என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. கொழும்புக் கால்வாய்களில் வாழும் தண்ணீர்ப்பாம்பும் சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கும். அதையும் நாகம் என்பார்கள். படத்தின் முகப் பகுதி தெளிவாக இருந்தால் இந்தக் குழப்பம் ஒரு நொடியில் தீரும். நாகத்தின் மேலுதட்டில் மூன்றாவது செதில் பெரியது. முன்னே மூக்குத் தகட்டையும் பின்னே கண்ணையும் ஒரே நேரத்தில் தொடும். சாரையிலும் தண்ணீர்ப்பாம்பிலும் மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே வேறு சிறு தகடு வந்து அமர்ந்திருக்கும்.

எனக்கு அதிக வேதனை தருவது மலைப்பாம்புக் குட்டிகளின் படங்கள். கடுவலை, ஹோமாகம, அவிசாவளைப் பக்கங்களிலிருந்து வருபவற்றில் தலை நசுங்கிய குட்டி ஒன்று மண்வெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். "கண்ணாடிப் புடையன், ஒருவாறு கொன்றுவிட்டோம்" என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் தடித்த உடல், இரண்டும் மண்ணிறம், இரண்டிலும் கரும்பட்டைகள். ஆனால் கடும் நஞ்சுள்ள புடையனின் முதுகில் ஓடுவது ஒழுங்கான மூன்று வரிசை. ஒவ்வொன்றும் நீள்வட்டம், கறுப்பு ஓரம், அதற்கு வெளியே பெரும்பாலும் வெள்ளை விளிம்பு. மலைப்பாம்பின் பட்டைகளில் அந்த ஒழுங்கு கிடையாது. ஒரு பட்டை சதுரம், அடுத்தது கோணல், அடுத்தது இரண்டு சேர்ந்தது. தலையைப் பார்த்தால் சந்தேகமே இராது. புடையனின் தலை முழுவதும் நுண்ணிய சொரசொரப்பான செதில்கள். மூக்குத் துளை பெரியது. மலைப்பாம்பின் தலையின் முன்பகுதியில் பெரிய வழுவழுப்பான தகடுகள். அதன் உதட்டு ஓரத்தில் வெப்பம் உணரும் குழிகள். இந்தக் குழிகள் கண்ணாடிப் புடையனுக்கு இல்லை. வடக்கே மண்ணுளிப் பாம்பும் இதே குழப்பத்தில் உயிரிழக்கிறது. அதன் வால் கட்டையாக, சட்டென்று முடிந்துவிடும்.

இனி வளர்ப்புப் பாம்புகளின் உலகம். அங்கே மலைப்பாம்புக் குழப்பம் வேறு வடிவம் எடுக்கிறது. நம் நாட்டு மலைப்பாம்பும் பர்மிய மலைப்பாம்பும் நீண்ட காலம் ஒரே இனத்தின் இரு கிளையினங்களாகக் கருதப்பட்டன. 2009இல்தான் பர்மியப் பாம்பு தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. இலங்கைப் பாம்புக்கே தனியாக ஒரு கிளையினப் பெயரை, பிம்புரா என்ற சிங்களப் பெயரையே வைத்து, 1945இல் சூட்டியவர் கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. இன்று அந்தப் பெயரைப் பெரும்பாலானோர் தனியாகக் கொள்வதில்லை, இந்திய மலைப்பாம்போடு சேர்த்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டையும் பிரிப்பது, என் பார்வையில் பாம்பியலிலேயே மிக அழகான அடையாளம். மேலுதட்டுச் செதில்களை மூக்கு நுனியிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். நம் மலைப்பாம்பில் ஆறாவதோ ஏழாவதோ நேராகக் கண்ணைத் தொட்டு நிற்கும். பர்மிய மலைப்பாம்பில் உதட்டுச் செதில்கள் கண்ணை எட்டாது. இடையே சிறு செதில்கள் ஒரு வரிசையாகப் புகுந்து கண்ணைத் தாங்கி நிற்கும். தெகிவளை மிருகக்காட்சிசாலையில் மலைப்பாம்பு கண்ணாடிக்கு அருகே தலையைச் சாய்த்துக் கிடக்கும்போது இதை நிதானமாகப் பார்க்கலாம். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது. வேறு அடையாளங்களும் உண்டு. தலையில் உள்ள அம்பு வடிவம் பர்மியப் பாம்பில் மூக்குவரை அழுத்தமாகத் தெரியும்; நம்முடையதில் முன்புறம் இளஞ்சிவப்பாகக் கரைந்துவிடும். பக்கவாட்டுப் பட்டைகளின் நடுவே நம்முடையதில் வெளிறிய திட்டு இருக்கும். ஆனால் இவையெல்லாம் நிறம் சார்ந்தவை. கருநிறமி இல்லாமல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பிறக்கும் அல்பினோ பர்மியப் பாம்பில் பாதி அடையாளங்கள் கைவிட்டுவிடும். கண்ணுக்குக் கீழே உள்ள அந்தச் சிறு செதில்கள் அல்பினோவிலும் அப்படியே இருக்கும்.

இது வெறும் பாண்டித்தியம் அல்ல, சட்டப் பிரச்சினையும்கூட. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும், இலங்கை 1979இல் சேர்ந்த சைட்டிஸ் உடன்படிக்கையில் இந்திய மலைப்பாம்பு முதலாம் பின்னிணைப்பில் இருக்கிறது. வணிகத்துக்காக அதை நாடு விட்டு நாடு கொண்டுசெல்லவே முடியாது. பர்மியப் பாம்பு இரண்டாம் பின்னிணைப்பில், அனுமதிப் பத்திரத்தோடு விற்கலாம். ஒரு செதில் வரிசை இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பெட்டி விமான நிலையத்தைத் தாண்டுமா தாண்டாதா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

செதிலும் கைவிடும் இடம் ஒன்று உண்டு: கலப்பு. புளோரிடாவின் சதுப்புநிலங்களில் வளர்ப்பிலிருந்து தப்பியும் விடுவிக்கப்பட்டும் பெருகிய மலைப்பாம்புகளைப் பர்மியப் பாம்புகள் என்றே எல்லோரும் சொல்லி வந்தார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் ஏறத்தாழ 400 பாம்புகளின் மரபணுவைப் பரிசோதித்தபோது 13 பாம்புகளில் இந்திய மலைப்பாம்பின் தடயம் கிடைத்தது. எந்தக் கூண்டிலோ, எந்தத் தலைமுறையிலோ இரண்டும் கலந்திருக்கின்றன. விற்பவர் இரண்டையும் பிரித்து வைக்கவில்லை என்பதற்குக் காட்டில் அலையும் சாட்சிகள் அவை.

கண்ணுக்குக் கீழே பார்க்கும் பழக்கம் தென்கிழக்காசியாவின் குட்டை வால் மலைப்பாம்புகளிலும் கை கொடுக்கிறது. மலாயாவின் சிவந்த பாம்பு, போர்னியோவினது, சுமாத்திராவின் கறுத்த பாம்பு ஆகிய மூன்றும் 2001 வரை ஒரே இனமாகவே எண்ணப்பட்டன. மலாயாப் பாம்பில் உதட்டுக்கும் கண்ணுக்கும் இடையே சிறு செதில்கள் இருக்கும். மற்ற இரண்டிலும் உதட்டுச் செதில் கண்ணைத் தொடும். சிவப்பாக இருப்பதையெல்லாம் மலாயாப் பாம்பு என்று விற்பது இன்றும் நடக்கிறது. மலாயாப் பாம்பிலேயே மண்ணிறமும் மஞ்சளும் உண்டு.

இப்போது மச்சானின் கேள்விக்கு வருகிறேன். அவனிடம் இருப்பவை மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த போல் பைதன் என்ற மலைப்பாம்புகள். மிரண்டால் தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுவான பாம்பு. இதில் இனக் குழப்பம் ஏறத்தாழ இல்லை. குழப்பம் முழுவதும் நிற வகைகளில். வளர்ப்பில் முதல் அல்பினோ போல் பைதன் 1992இல் அமெரிக்காவில் பொப் கிளார்க் என்பவரிடம் பிறந்தது. அதன்பின் ஒவ்வொரு பிறழ்வுக்கும் ஒரு பெயர், பெயர்களைக் கலந்து புதிய பெயர்கள் என்று இந்த உலகம் பெரும் சந்தையாகிவிட்டது.

இங்கே செதில் உதவாது. அல்பினோவுக்கும் சாதாரணப் பாம்புக்கும் செதில் ஒன்றே. அப்படியானால் நிறத்தை நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. லெஸ்ஸர், பட்டர் என்ற இரண்டும் வேறு வேறு வளர்ப்பாளர்களிடம் வேறு வேறு பாம்புகளிலிருந்து தொடங்கிய வழிகள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. இரண்டு லெஸ்ஸர்களை இணைத்தால் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று முழு வெள்ளையாக, நீலக் கண்களோடு பிறக்கும். லெஸ்ஸரையும் மொஹாவி என்ற வகையையும் இணைத்தாலும் அதே கணக்கில் வெள்ளைப் பாம்பு பிறக்கும். மேசையில் இருக்கும் நீலக்கண் வெள்ளைப் பாம்பு எந்த இணையின் பிள்ளை என்று பார்த்துச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். பயர் என்ற இன்னொரு வழியிலும் வெள்ளைப் பாம்பு பிறக்கும், அதன் கண் கறுப்பு. அந்த ஒரு வேறுபாட்டை மட்டும் கண்ணால் உறுதியாகச் சொல்லலாம்.

அல்பினோவில் இந்த விடயம் இன்னும் தெளிவாகத் தெரியும். சாதாரண அல்பினோ ஒன்று, லவெண்டர் அல்பினோ ஒன்று, இரண்டும் மஞ்சளும் வெளிறிய நிறமுமாகச் சிவந்த கண்ணோடு இருப்பவை. இரண்டையும் இணைத்தால் அல்பினோக் குட்டிகளாகக் கிடைக்கும் என்று ஆசையோடு காத்திருப்பவருக்குப் பிறப்பவை எல்லாம் காட்டுப் பாம்பின் சாதாரணக் கறுப்பு மண்ணிறக் குட்டிகள். காரணம் எளிது. இரண்டும் பின்னிடைவான பண்புகள், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்ந்த பிரதி வந்தால்தான் வெளியே தெரியும்; ஆனால் பிறழ்ந்திருப்பது வேறு வேறு மரபணு. ஒவ்வொரு குட்டிக்கும் தாயிடமிருந்து ஒரு மரபணுவின் நல்ல பிரதியும் தந்தையிடமிருந்து மற்றதன் நல்ல பிரதியும் கிடைத்துவிடுகின்றன. 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இரண்டுக்கும், அல்ட்ராமெல் என்ற மூன்றாவது வகைக்கும் காரணமான மரபணுப் பிறழ்வுகளைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதற்குத் தேவையான மாதிரிகள் எப்படிக் கிடைத்தன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: வளர்ப்பாளர்கள் தங்கள் பாம்புகள் கழற்றிய சட்டைகளை அஞ்சலில் அனுப்பினார்கள். கீழ்த்தளத்து அக்கா காஸ் சிலிண்டருக்குப் பின்னால் கண்டெடுத்தது போன்ற சட்டைகள்தான். ஊசி இல்லை, இரத்தம் இல்லை.

ஆகவே மச்சானுக்கு நான் எழுதிய பதில் இதுதான்: படம் வேண்டாம், விற்றவரிடம் தாய் தந்தையின் பதிவைக் கேள். பதிவு இல்லாவிட்டால் சட்டையைப் பரிசோதனைக்கு அனுப்பு. அதுவும் முடியாவிட்டால் பெயரில்லாத அழகான மஞ்சள் பாம்பாகவே அதை வைத்திரு.

ஸ்பைடர் என்ற வகையை மட்டும் அவன் வாங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். மெல்லிய வலை போன்ற கறுப்புக் கோடுகள் உள்ள பாம்பு, பார்க்க அழகானது. ஆனால் அந்த வடிவத்தைத் தரும் மரபணுவே தலை ஆட்டத்தையும் கொண்டுவருகிறது. பாம்பு இரையை நோக்கிப் பாயும்போது தலை தள்ளாடும், சில பாம்புகள் மல்லாந்துவிடும். உட்காதின் சமநிலை உறுப்பே கோணலாக உருவாகியிருப்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. இதைத் தெரிந்தும் பெருக்குவது கொடுமை. செதிலே இல்லாத சோளப்பாம்புகளை உருவாக்கி விற்பதும் எனக்கு ஏற்கவில்லை. வயிற்றுத் தகடுகள் மட்டும் மிஞ்சிய அந்த உடலைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

சோளப்பாம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதையும், அதைப் போலவே வளர்ப்பில் உள்ள வட அமெரிக்கப் பால்பாம்பையும் குழப்புகிறவர்கள் வயிற்றையும் தலையையும் பார்க்கட்டும். சோளப்பாம்பின் தலையில் ஈட்டி முனை வடிவம் இருக்கும், முதுகுச் செதிலில் மெல்லிய மேடு இருக்கும், மலவாய்த் தகடு இரண்டாகப் பிரிந்திருக்கும். பால்பாம்பின் செதில் வழுவழுப்பு, மலவாய்த் தகடு ஒன்றே. கருநிறம் இல்லாத சிவப்பு வகையிலும், சிவப்பு இல்லாத சாம்பல் வகையிலும் இந்தத் தகடு மாறாது.

ரொறன்ரோவில் இருப்பவனுக்கு இது பொழுதுபோக்கு. கொழும்பில் இருக்கும் இளைஞர்கள் அதே படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது, ஏனென்றால் பாம்பு அழகானது. ஆனால் நம் நாட்டு மலைப்பாம்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடித்து வீட்டில் வைப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்பை அனுமதியின்றிக் கொண்டுவருவதும் குற்றம். பாங்கொக்கிலிருந்து வந்த பயணிகளின் பொதிகளில் போல் பைதன்களைச் சுங்க அதிகாரிகள் கட்டுநாயக்கவில் கைப்பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். துணிப்பையில் சுருட்டி, தண்ணீரின்றி, பெட்டியின் அடியில் அழுத்தப்பட்டு வரும் அந்தப் பாம்புக்குப் பதிவும் இல்லை, பரம்பரையும் தெரியாது. அப்படி வந்த ஒன்றை இன்ன வகை என்று பெயர் சொல்லி லட்சக்கணக்கில் விலை கேட்பவர் வெறும் நிறத்தைத்தான் விற்கிறார்.

அடையாளம் பிழைத்தால் விலை கொடுப்பது பாம்பு மட்டுமல்ல. இலங்கையில் மிக அதிகமானோரைக் கடிக்கும் நஞ்சுப்பாம்பு, சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் மூக்கு நிமிர்ந்த சிறு குழிப்புடையன். தோட்டங்களிலும் கொழும்பின் புறநகர் வளவுகளிலும் உலர்ந்த இலைகளுக்குள் அதே நிறத்தில் சுருண்டு கிடக்கும். நாம் பயன்படுத்தும் இந்தியத் தயாரிப்பான நஞ்செதிர் மருந்து இதன் நஞ்சுக்கு வேலை செய்யாது. ஆனால் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் இறந்த பாம்பைச் சுருட்டை விரியன் என்றோ கண்ணாடிப் புடையன் என்றோ தவறாக எடுத்துக்கொண்டு, பயனில்லாத மருந்து ஏற்றப்பட்ட சம்பவங்கள் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. அந்த மருந்துக்கே கடுமையான ஒவ்வாமை வரக்கூடும். மூன்றையும் பிரிப்பது கடினம் அல்ல. குணகட்டுவாவின் மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பக் குழி இருக்கும், தலையின் பின்பகுதியில் பெரிய தகடுகள் இருக்கும். சுருட்டை விரியனுக்கும் கண்ணாடிப் புடையனுக்கும் குழியும் இல்லை, பெரிய தகடும் இல்லை. தவிரவும் சுருட்டை விரியன் வடக்கிலும் கிழக்கிலும் வறண்ட கரையோரங்களில் வாழ்வது. மகரகமவில் கடித்தது அதுவாக இருக்க வழியில்லை.

எனக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். பாம்பைக் கொல்ல வேண்டாம், நெருங்கவும் வேண்டாம்; கொல்லப் போய்க் கடி வாங்கியவர்கள் ஏராளம். யாரையாவது கடித்துவிட்டால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் நேராக வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கே போகும் வழியில் அனுப்பினாலும் போதும். கைத்தொலைபேசியின் பெரிதாக்கும் வசதியைப் பயன்படுத்தித் தூர நின்று எடுங்கள். தலை பக்கவாட்டில், கண்ணும் உதடும் தெரிய ஒரு படம். முதுகின் நடுப்பகுதி மேலிருந்து ஒன்று. வால் முழுவதும் ஒன்று. பாம்பு போய்விட்டால் சட்டை கிடந்த இடத்தைத் தேடுங்கள், கிழியாமல் எடுத்துத் தாளில் வையுங்கள். எந்த ஊர், வீட்டுக்குள்ளா வெளியிலா, பகலா இரவா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். கொலன்னாவையா கிளிநொச்சியா என்று தெரிந்தாலே நான் பார்க்க வேண்டிய பெயர்களில் பாதி குறைந்துவிடும்.